கையாட்ட மாட்டேன்

வெர்டெல்: வண்டியத் திருப்புடி ஓசெல்லா.

ஓசெல்லா: அலபாமாலேர்ந்து மெம்பிஸ் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டேன். கச்சேரி அரங்கத்துப் பின்வாசல்ல நிக்கிறோம். இறங்குக்கா.

வெர்டெல்: அடுப்புல பீன்ஸ வச்சுட்டு வந்துட்டேன்...

ஓசெல்லா: அடுப்ப அணைச்சதே நான்தான்.

வெர்டெல்: அப்ப வயிறு சரியில்ல.

ஓசெல்லா: வழியில ரெண்டு கோழித்தொடையத் தின்னப்ப நல்லாத்தானே இருந்துச்சு?

வெர்டெல்: கிண்டல் பண்ணாத. தொண்டையில ஆபரேஷன் ஆனவ நான். குரல் மேல ஏறவே மாட்டேங்குது.

ஓசெல்லா: ஏறலன்னா கீழயே பாடு.

வெர்டெல்: மாடிப்படியாடி அது? நல்லா ஏறின காலத்துலயே யாரு கேட்டா? நானே எழுதி, நானே பாடின ஒரே ரெக்கார்டு. ரேடியோவுல நம்ம கறுப்பு ஸ்டேஷன்காரன், "இது வெள்ளைக்காரங்க பாடுற கன்ட்ரி பாட்டாச்சே"ன்னான். கன்ட்ரி ஸ்டேஷன்காரன்...

ஓசெல்லா: ஆசையாப் போட்டான். அட்டையில உன் மூஞ்சியப் பாத்தான். நிறுத்திட்டான்.

வெர்டெல்: என் கதைய என்னையே சொல்ல விடமாட்டியா?

ஓசெல்லா: அதத்தானே பள்ளிக்கூடத்து சமையக்கட்டுல நின்னுக்கிட்டு ஆயுசு பூரா சொன்ன? இப்ப இந்த ரெக்கார்டு கம்பெனிப் பசங்க அதத் தேடிப் புடிச்சு மறுபடி போட்டிருக்காங்க. உள்ள போயி பாடு.

வெர்டெல்: பாதியில குரல் உடைஞ்சுட்டா?

ஓசெல்லா: பின்பாட்டுக்கு நான் நிக்கிறேன்ல... எப்பவும் மாதிரி.

வெர்டெல்: ...கைய விடாத.

* * *

ஓசெல்லா: திரைக்குப் பின்னாடி வந்தும் கைதட்டல்ல காது அடைக்குதே! கதவ சாத்தவா?

வெர்டெல்: சாத்தாத. கேக்கட்டும்.

ஓசெல்லா: கடைசிப் பாட்டுல நடுவுல நின்னுட்டியே... மறந்துட்டியோன்னு எனக்கு உயிரே போச்சு.

வெர்டெல்: எங்க மறந்தேன்? என் வரிய கூட்டமே பாடுச்சுடி! "பஸ்ஸு கிளம்பட்டும், கையாட்ட மாட்டேன்"னு... அத்தன பேரும்! முன்வரிசையில ஒரு வெள்ளைக்காரக் கிழவன், தொப்பிய நெஞ்சோட வச்சுக்கிட்டு. பக்கத்துல நம்ம பொம்பளைங்க, சர்ச்சுக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு. எல்லாருக்கும் ஒரே வாய்!

ஓசெல்லா: உன் குரல் கீழதான் இருந்துச்சு.

வெர்டெல்: கிணத்துக்குள்ளேர்ந்து வந்துச்சு. நல்லா இருந்துச்சுல்ல?

ஓசெல்லா: ரெக்கார்ட விட நல்லா இருந்துச்சுக்கா. சத்தியமா.

வெர்டெல்: தெரியும். சும்மா கேட்டேன்.

ஓசெல்லா: திமிரப் பாரு! ...அக்கா, திட்ட மாட்டேன்னா ஒண்ணு சொல்றேன்.

வெர்டெல்: சீக்கிரம் சொல்லு, மறுபடி கூப்பிடுறாங்க.

ஓசெல்லா: அந்தக் கம்பெனிப் பசங்க கச்சேரிக்குக் கூப்பிட்டு போன் பண்ணது போன வாரம் இல்ல. குளிர்காலத்துலயே. உன்னக் கேக்காமலே சரின்னுட்டேன். முன்னாடியே சொன்னா நீ ஓடிருவன்னு...

வெர்டெல்: இந்தக் கச்சேரி போஸ்டர உன் வண்டி சீட்டுக்கடியில அப்பவே பாத்துட்டேன்டி. இல்லன்னா அன்னிலேர்ந்து தினமும் கோழிக் கொட்டாய்க்குள்ள கதவ சாத்திக்கிட்டு, கோழிங்களுக்கா பாடிக்கிட்டு இருந்தேன்?