சிவப்பு வரி

– முதல்ல விஷயத்தைச் சொல்லுடா, அப்புறம் போன் தர்றேன். ஆபீஸ் நேரத்துல வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம நிக்கிற. நீ கழிச்சுக் கொடுத்த போன்தானே இது, திருப்பி வாங்க வந்தியா?

– அதாவது... ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு நீ விண்ணப்பம் போட்டியேக்கா, அந்த வெப்சைட் பக்கத்தோட நகல் ஒண்ணு அனுப்பியிருக்கேன். உன் போன்லயே திற. சான்றிதழ் இணைக்கிற இடத்தைக் காலியா விட்டுட்டு 'அனுப்பு'ன்னு இருக்குல்ல, அதை அமுக்கு.

– அமுக்கிட்டேன். சும்மா இருக்கு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. போயிடுச்சுன்னு மூடி வச்சேன்.

– போகலக்கா. அன்னைக்கு நீ இணைச்ச சான்றிதழ் ஏறவே இல்ல. இப்ப என் போன்ல அதையே செய்.

– அட, "சான்றிதழ் சேரவில்லை, மீண்டும் இணைக்கவும்"னு சிவப்பா வருது! என் போன்ல ஏன் வரல?

– அந்தப் பக்கத்தைச் செஞ்சது எங்க ஆபீஸ்தான். அதாவது, நான்தான்.

– என்னடா சொல்ற?

– அந்தச் சிவப்பு வரி எப்பத் தெரியணும்கிறதை கோடிங்ல ஒரு விதிக்குள்ள இன்னொரு விதியா எழுதியிருந்தேன். உள்ள இருக்கிறது பழைய போனுக்குப் புரியாது. அதைப் பிரிச்சு, வெளியே எடுத்து வைக்க ஒரு கருவி இருக்கு. பக்கம் தயாராகும்போது அது ஓடணும். நான் அதைத் தூக்கிட்டேன்.

– வேலை மெனக்கெட்டு ஏன் தூக்கின?

– ஃபைல் சின்னதாகும்னு. புதுப் போன் தானாவே புரிஞ்சுக்கும்.

– இரு, இரு. அப்ப என் விண்ணப்பத்தை அவங்க பார்க்கவே இல்லையா?

– இல்லக்கா. உன்னோட சேர்த்து நாப்பத்தோரு பேரோடது பாதியிலேயே நின்னுபோச்சு. இன்னைக்குக் காலையிலதான் கணக்குத் தெரிஞ்சுது. லிஸ்ட்ல உன் பேரு ஒன்பதாவது.

– மறுபடி போடலாமாடா?

– ஆள் எடுத்து முடிச்சுட்டாங்க.

– ஏழு வருஷம் வீட்டுல இருந்தவளை எவன் கூப்பிடுவான்னு நானே சொல்லிக்கிட்டேன்டா. சான்றிதழையெல்லாம் பரண்ல போட்டுட்டேன். "எனக்கு வேலையே மறந்துபோச்சுங்க, விடுங்க"ன்னு உங்க மாமாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவரும் நம்பிட்டாரு.

– அக்கா...

– சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதே. தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்றது?

– தெரியாம இல்லக்கா. பக்கத்தையெல்லாம் சோதிச்சுப் பார்க்கிற எங்க டெஸ்டர் பொண்ணு முன்னாடியே பார்த்துட்டா. மீட்டிங்ல எல்லாரும் இருக்கும்போது, இதே மாடல் போனைக் கையில வச்சுக்கிட்டு, "இதுல அந்த வரி வரல"ன்னா.

– நீ என்ன சொன்ன?

– "இந்தக் காலத்துல இதையெல்லாம் எவன் வச்சிருக்கான்"னேன். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவ போனைப் பையில போட்டுட்டு உட்கார்ந்துட்டா.

– பாவம்டா அந்தப் பொண்ணு. நாளைக்கு அவகிட்ட மன்னிப்புக் கேளு. என்னை விடு, நான் வேற இடம் பார்த்துக்குறேன். உனக்கு ஆயிரம் யோசனை, அந்த நேரத்துல அக்காவோட போனா ஞாபகம் வரும்?

– வந்துச்சுக்கா. அது வெளியே தெரியக்கூடாதுன்னுதான் எல்லாரையும் விட நான் சத்தமா சிரிச்சேன்.