சிப்பி விழுந்த சஹன்

...சிப்பி நானா, சிப்பி! சம்மந்தியும் ஆக்களும் ஒண்டாக் குந்திச் சாப்பிடுற சோத்துச் சஹனுக்கு மேல சிப்பிப் படம்! கொஞ்சம் அங்கால அரக்குங்களே, பஸ் சீட் ரெண்டு பேருக்குத் தானே... கலகெதரைக்கா? நல்லம், நானும் அங்க தான். சம்மந்தி ஹாஷிம் ஹாஜியார்ட ஊட்டுக்கு. கல்யாணத்துல ஒரு பிடி சோறு தொடாம எழும்பிப் போன மனுஷன். பதினொரு நாளாச்சு, என்ட மகள் றிப்தாவ அழைச்சிட்டுப் போக ஒருத்தரும் வரல்ல. புள்ள அழுது கண்ணெல்லாம் வீங்கி ஈக்கா.

எல்லாம் இளையவள் இல்மாட வேல! கம்ப்யூட்டர் படிக்கிறாளாம், பெரிய படிப்பு! மெக்சிக்கோப் பக்கம் அந்தக் காலத்துல மாயா ஆக்கள் ஈந்தாங்களாம். அவங்கட இலக்கம், ஒண்டுக்கு ஒரு புள்ளி, அஞ்சுக்கு ஒரு கோடு, பூச்சியத்துக்குச் சிப்பி. "கம்ப்யூட்டர்ல பத்து வரி தான் வாப்பா எழுதினேன், மிச்சத்த அதுவே கீறுது"ண்டா. பார்த்தேன்... மாஷா அல்லாஹ், தங்கக் கலர்ல நகை மாதிரி! சஹனுக்கு இலக்கம் வேணும் தானே? ஆம்புளப் பக்கத்துக்கு இருபது கார்ட் அடிச்சேன். பொம்புளப் பக்கம் ஒண்டும் வெக்கல்ல. அங்க ஒரு கரச்சலும் வரல்ல, அத உடுங்க.

கம்ப்யூட்டர் பூச்சியத்துல ஈந்து எண்ணுமாமே, யாருக்குத் தெரியும்? மொத சஹன் ஹாஜியாருக்கு. பக்கத்துல ஒரு புள்ளி, அங்கால ரெண்டு, மூணு, நாலு... மனுஷன் என்ன நெனச்சிட்டாரு? புள்ளி எண்டா கோழித் துண்டாம்! "உங்கட ஆக்களுக்கு நாலு, எனக்கு வெறுஞ் சிப்பியா?" அவர்ட தம்பிக்கு வெறுங்கோடு. பேர வெட்டிட்டாங்கண்டு அவரும் எழும்பிட்டாரு. கடைசிச் சஹன்ல மூணு கோடு, நாலு புள்ளி... அதுக்கு இளந்தாரிமார் அடிபிடி!

இல்மாவக் கூப்பிட்டுக் கத்தினேன். "கீழ நம்மட எண்ணுலயும் போட்டு ஈந்தேனே வாப்பா"ண்டு செல்றா. ஆ... ஈந்திச்சு தான். எறும்பு ஊர்ற மாதிரிப் பொடி எழுத்து. அழகு கெடுதுண்டு நான் தான் கத்தரிக்கோலால... இருபதையும். கை கூட வலிச்சிச்சு.

செரி, போனது போகட்டும். இப்ப சமாதானத்துக்குத் தானே போறேன். வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் பொறகு ஊட்டுல சாப்பாடு. இந்தா அழைப்புக் கார்ட், எப்பிடி மின்னுது பாருங்க! ரெண்டு கோடு நாலு புள்ளி, அது பதினாலாம் திகதி. மேல பெரிசா சிப்பி. நமக்குள்ள கோவம் பூச்சியம் எண்டு கருத்து! பார்த்த ஒடனே வெளங்கும் தானே?

இல்மா கீழ விளக்கம் எழுதித் தான் தந்தா. மன்னிப்பும் கேட்டு, நாலு வரி.

அதயும் வெட்டிட்டேன்.

என்ன நானா, எழும்புறீங்க? கலகெதர இன்னும் வரல்லயே!