காது கிழிந்தவளை இறக்கிய இடம்

இந்தக் காலத்தில் எது நடந்தாலும் முதலில் போனைத் தூக்குகிறார்கள். பாம்பு வந்தாலும் படம், பிணம் போனாலும் படம். யட்டியாந்தோட்டை டவுனில் குரங்குகள் கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டபோதும் அதைத்தான் செய்தார்கள். எடுத்து முடித்த பிறகு என்னைத் தேடி வந்தார்கள்.

நான் சின்னத்தம்பி. வயது எழுபத்து மூன்று. மேலே தோட்டத்தில் நாற்பத்தோரு வருடம் ரப்பர் பால் வெட்டியவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையும் ஓர் அடுப்படியுமாக இருக்கிறேன். என்னிடம் ஓர் இரும்புக் கூண்டு இருக்கிறது. மனிதரை நம்புவதைவிட அதை நம்பலாம்.

குரங்கைக் கொல்ல இங்கே யாருக்கும் மனம் வராது. நம் ஆட்களுக்கு அது அனுமார். சிங்களவர்களும் பாவம் என்பார்கள். பக்கத்து வீட்டு றஹீமா சொன்னாள்: "உசுரோட புடிங்கண்ணே, அடிச்சிறாதீங்க. ஆனா திரும்பி மட்டும் வந்துறக் கூடாது."

எல்லாரும் கேட்டது இதுதான். சாகவும் கூடாது, வரவும் கூடாது. பிறகு அது எங்கே போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கூட்டத்தை நடத்தியது காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெண்குரங்கு. அவளைப் பிடித்தால் மற்றவை சிதறிவிடும். சந்தேகக்காரி. என்னைப் போல. கூண்டுக் கதவைக் கம்பியால் திறந்தபடியே கட்டிவைத்தேன். பலாச்சுளையை முதலில் வெளியே வைத்தேன், பிறகு வாசலில், பிறகு உள்ளே. தினமும் அதே சட்டை, அதே நேரம். குட்டிகள் உள்ளே போய்த் தின்றுவிட்டு வெளியே வந்தன. விட்டேன். அவள் மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா. பதினேழாம் நாள் காலையில் கம்பியை அவிழ்த்து வைத்திருந்தேன். அவளே உள்ளே போனாள். கதவில் கட்டியிருந்த கயிற்றை அடுப்படி ஜன்னலிலிருந்து இழுத்தேன். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிடிப்பது பாதி வேலை. இதற்கு முன் ஒன்றை ஆற்று வளைவில் விட்டேன். நான்காம் நாள் றஹீமாவின் கூரையில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றைக் காட்டோரம் விட்டேன். அங்கேயுள்ள கூட்டம் கடித்துத் துரத்தியது. அதுவும் வந்துவிட்டது. வயிறு எங்கே நிறைகிறதோ அங்கேதான் குரங்கு தங்கும். தினமும் ஒரே நேரத்தில், பயமறியாத கையிலிருந்து சாப்பாடு கிடைக்கிற இடமாக இருந்தால் அசையாது.

அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். என் பிள்ளைகளும் அங்கே வளர்ந்தவைதான். ஒன்பதரைக்குக் கஞ்சி, பிறகு கைக்கொரு பிஸ்கட். பார்த்துக்கொள்ள மேர்சி ஒருத்திதான். அரைக் கதவு உடைந்து வருடக் கணக்காகிறது. டவுனில் ஓர் ஓடு உடைந்தால் நாலு பேர் பேசுவார்கள். தோட்டத்திலிருந்து போகும் மனுவை யாரும் வாசிப்பதில்லை. எத்தனை மனுவில் நானே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணகுமாரின் ஓட்டோவில் கூண்டை ஏற்றினேன். இடத்தைப் பார்த்ததும் அவன் இஞ்சினை நிறுத்தவில்லை.

"தாத்தா, இங்க வேணாம். காட்டுப் பக்கம் போயிருவோம்."

"காட்டுல ஒங்கப்பனா அதுக்குச் சோறு போடுறான்?"

"பிள்ளைக கஞ்சி குடிக்கிற நேரம் தாத்தா."

"நாங்களும் இங்கதான்டா வளந்தோம். செத்தா போயிட்டோம்?"

அவன் போனை எடுத்தான். அந்தப் படம்தான் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. கூண்டைத் தூக்க ஒரு கை கொடுத்திருக்கலாம்.

கடித்தது, மலைக்கு வேலைக்குப் போயிருந்த ஷாமிளாவின் மகளை. மூன்று வயது இன்னும் முடியவில்லை. பிஸ்கட்டைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. கொடுத்திருந்தால் குரங்கு அதன் பாட்டுக்குப் போயிருக்கும். கிருஷ்ணகுமார் ஓடினான், மேர்சி ஓடிவந்தாள். நான் கூண்டை இழுத்து ஓரமாக வைத்தேன். அதையும் யாராவது செய்யவேண்டும். பிள்ளையைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இடது கண் போய்விட்டது.

போன ஞாயிறு கோயில் முன்னால் நியாயம் பேசக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் ஸ்ரீதரன் நடுவில் உட்கார்ந்திருந்தான். நான் பால் வெட்டக் கற்றுக்கொடுத்தவன், எழுந்திருக்கக்கூட இல்லை.

"சாமி முன்னுக்கு நின்னு, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சூடத்த அணைச்சிட்டுப் போயிருங்க. பொலிஸ் வரைக்கும் வேணாம்" என்றான்.

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நம் ஆட்களின் வழக்கம் அது. சொல்வது உண்மையென்றால் கையால் அணைக்கவேண்டும். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஷாமிளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றாள். பாதி முகத்தில் கட்டு. மற்றக் கண்ணால் அது சூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, பிள்ள அங்க இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பொய் சொல்லிச் சூடம் அணைக்கிற ஆள் நானில்லை.

"தெரியும்" என்றேன். "படியில உக்காந்திருந்திச்சு. கையில பிஸ்கட் இருந்திச்சு. பாத்துட்டுத்தான் தொறந்தேன்."

ஒரு பையன் வழக்கம்போலப் போனைத் தூக்கினான். ஷாமிளா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உண்மையைக் கேட்டார்கள், சொன்னேன். பிறகு எதற்கு அழவேண்டும். சூடம் தானாக அணையும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன். ஸ்ரீதரன் பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பவில்லை. கொலைகாரன் என்று யாரோ கத்தினார்கள். நான் எதைக் கொன்றேன்?

சந்திக்கு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். எங்கே பிசகினேன் என்று பிடிபடவில்லை. றஹீமாவின் கூரையில் ஓர் ஓடுகூட அசையவில்லை. காது கிழிந்தவள் இன்றுவரை திரும்பி வரவில்லை. அதைத்தானே கேட்டார்கள்.