தானா இறங்குற சார்ஜ்

அந்த ஸ்டூல்ல வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி இந்தப் பெட்டி மேல உக்காருங்க. ஆமா, இதேதான் சைக்கிள். போன்ல போட்டோ பாத்துட்டுத்தானே வந்தீங்க? போட்டோல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். என் மகன் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோல அவனுக்குத் தலை நிறைய முடி.

அவன் ஆபீஸ் போயிட்டான். வர்றவங்களுக்கு நான் காட்டிக்கிறேன், நீ போடான்னு நான்தான் அனுப்பி வச்சேன். நல்லாப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்காதீங்க. சொந்த மகன் பொருளையே இப்படிச் சொல்லுதே இந்தக் கிழவின்னு நினைக்காதீங்க. விக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். நாள் முழுக்க இதுகூட வீட்டுல கிடக்கிறவ நான்.

முதல்ல பேரே பொய். மவுண்டன் பைக்காம். மலை எங்கே இருக்கு இங்கே? இருக்கிறது ஒரே ஒரு மேடு, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் போற ரோடு. அதுக்கு முதலைத் தோல் மாதிரி டயர்!

டாக்டர் இவனை நடக்கச் சொன்னாரு. நடக்கறதுக்கு எதுவும் வாங்கத் தேவையில்ல பாருங்க, அதனால ஐயாவுக்குப் பிடிக்கல. தொந்தியைக் குறைக்க மோட்டார் வச்ச சைக்கிள் வாங்கினவன் இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். ஏன்டா, மோட்டார் வேலை செஞ்சா மோட்டாருக்குத்தானே தொந்தி குறையும்னு கேட்டேன். மருமக வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடிட்டா.

வந்த அன்னிக்குப் பாக்கணுமே நீங்க! ஹெல்மெட்டு, கையுறை, கருப்புக் கண்ணாடி, பின்பக்கம் பஞ்சு வச்ச டவுசர். ராக்கெட்ல போறவன்கூட அவ்ளோ மெனக்கெட மாட்டான். கேட்டைத் தாண்டினான், பெடலை ஒரு அழுத்து அழுத்தினான். இது தள்ளுச்சு பாருங்க ஒரு தள்ளு, நேரா எதிர் வீட்டு ஜட்ஜம்மாவோட ரோஜாச் செடிக்குள்ள போயித்தான் நின்னான். அந்தம்மா ரிட்டையர்டு ஆகி எவ்ளோ நாளாச்சு, ஜன்னல்லயே நின்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் இன்னொரு தடவை ஏறினான், அவ்ளோதான். ஆனா ஆபீஸ்ல இதோட போட்டோவைக் காட்டாத ஆள் பாக்கி இல்ல.

அவங்கப்பாவும் இப்படித்தான் ஸ்கூட்டர் வாங்கினாரு. வாழ்நாள் பூரா பின்னாலயே உக்காந்து போனேன். ஒரு நாள் ஹேண்டிலை நான் பிடிச்சுப் பாக்கட்டுமான்னேன். நீ பையைக் கெட்டியாப் பிடி, அது போதும்னுட்டாரு. மனுஷன் போய்ச் சேந்தாச்சு. முகம்கூட இப்போ லேசா மறக்குது தம்பி, அந்த முதுகு மட்டும் மறக்க மாட்டேங்குது.

என்ன பாக்குறீங்க? ஓ, பேண்ட்டா. மருமகளோட பழசு. குளிருதுன்னு போட்டிருக்கேன்.

எங்கே விட்டேன்? ம், பேட்டரி. அதுதான் பெரிய கூத்து. ராத்திரி முழுசா சார்ஜ் போட்டுட்டுப் படுப்பான். மறுநாள் சாயங்காலம் வந்து பாத்தா பாதி காணாம். யாரும் தொடல, தானா இறங்குது! கடைக்குத் தூக்கிட்டுப் போனான். அங்கே நின்ன வரைக்கும் ஒரு புள்ளி இறங்கல. வீட்டுக்கு வந்தா மறுபடியும் அதே கதை. சரி, வயரிங்லதான் கோளாறுன்னு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தான். அவரு வந்து சுவத்தைக் குடைஞ்சுட்டுப் போனாரு. அதோ, அந்த ஓட்டைதான். பல்லி குடிவந்திருச்சு. அந்த வெறுப்புலதான் விக்கிறான். வாங்கிட்டுப் போனீங்கன்னா அடுத்து உங்க சுவருதான்.

டயர்ல ஈர மண்ணா? அது... நேத்து மழை பெஞ்சுச்சே. ஆமா, உள்ளேதான் நிக்குது. காத்துல வந்திருக்கும்.

சீட்டு இவ்ளோ கீழ இருக்கா? ஆமா, அவன் நல்ல உயரம்தான். இறக்கி வச்சா இடம் அடைக்காதுல்ல.

அட, இதுவரைக்கும் ஓடின கிலோமீட்டர் கணக்கை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பட்டனை விடாம அமுக்கினாத்தானே அது வரும்! அவனுக்கே அது தெரியாது.

சரி சரி, சிரிக்காதீங்க. கதவைக் கொஞ்சம் சாத்துங்க, ஜட்ஜம்மாவுக்குப் பாம்புக் காது.

மேட்டு மேல அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வயசானவங்க இருக்கிற இல்லம் ஒண்ணு இருக்குல்ல, அங்கேதான் எங்க அக்கா இருக்கா. முன்னாடி பஸ் போகும், நிறுத்திட்டாங்க. இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்த மேட்டை நடந்து ஏற முடியாது. இவன் ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேம்மான்னுவான். ஞாயித்துக்கிழமை வரும், அவனுக்கு வேற ஏதாவது வேலையும் வந்துரும். அங்கே அவ ஒண்டியாக் கிடக்கா. அங்கே இருக்கிறவங்களோட பேச முடியலடி, எல்லாம் கிழடுங்கன்றா. இவளுக்கு எம்பதைத் தாண்டியாச்சு! சீட்டாடுவோம். என் கண்ணு முன்னாடியே சீட்டைத் திருடுவா.

எனக்குச் சைக்கிள் கத்துக்கொடுத்ததே அவதான். பின்னாலயே பிடிச்சுக்கிட்டு ஓடி வருவா, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்னு கத்திக்கிட்டே கையை விட்டுருவா திருட்டுக் கழுதை. முதல் தடவை இதுல ஏறிப் பெடலை மிதிச்சேனா, பின்னால யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சு. அவதான்னு திரும்பிப் பாத்துட்டேன் தம்பி. எனக்கும் ஜட்ஜம்மா செடிதான். பாவம் அந்தச் செடி.

மகன்கிட்டச் சொல்றதா? நல்லாச் சொன்னீங்க போங்க. செடிக்குள்ள முதல்ல விழுந்தது அவன். ஆனா ஐயோ அம்மா விழுந்துருவீங்கன்னு அன்னிக்கே யாருக்காவது சும்மாவே தூக்கிக் கொடுத்துருவான். இப்போ ராத்திரியானா அவனே சார்ஜ் போட்டுக் கொடுக்கிறான். பெத்ததுக்கு அந்த ஒரு உதவி, அதுவும் தெரியாம செய்யிறான், செஞ்சுட்டுப் போகட்டும். அவன் வர்றதுக்குள்ள சைக்கிள் சீட்டை ஏத்தி, மண்ணைத் தொடச்சு வச்சிருவேன். இன்னிக்குக் கேட் வரைக்கும் ஈரத்துல உருட்டிட்டுப் போனேன், நீங்க சீக்கிரமா வந்துட்டீங்க, திருப்பி உள்ளே வச்சுட்டேன்.

அதனால அவனுக்குப் போன் பண்ணி பிரேக் பிடிக்கலைன்னு சொல்லிருங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவர் செயின் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி வந்த அம்மா கியருன்னாங்க, நல்ல மனசு அவங்களுக்கு. பிரேக்கை இன்னும் யாரும் சொல்லல.

நிஜமாவே பிடிக்காதான்னா கேக்குறீங்க? சேச்சே, பிரேக் கல்லு மாதிரி பிடிக்கும். அந்த இறக்கத்துல வர்றேனே, எனக்குத் தெரியாதா?

சரி, எந்திரிங்க தம்பி. அக்கா அங்கே ஜன்னல்லயே நிப்பா, லேட்டாப் போனா ஆட்டத்துக்கு முன்கூட்டியே நல்ல சீட்டையெல்லாம் ஒளிச்சு வச்சிருவா. எந்திரிங்கன்னா! நீங்க உக்காந்திருக்கிற பெட்டிக்குள்ளதான் என் ஹெல்மெட் இருக்கு.