ஆறு சக்கரங்களின் பாரம்

பாகற்காய் வறுவல் நன்றாக இருந்தால் நான் இரண்டாம் முறையும் சோறு கேட்பேன், இன்ஸ்பெக்டர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆபீசுக்குக் கீழே உள்ள வாழையிலைக் கடையில் கிரிகரி தன் பங்கையும் என் இலையில் வைத்துவிடுவான். அன்றும் வைத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

ஜெஞ்சாரோம் பக்கம் கட்டுகிற சரக்கு விமானத் தளத்துக்கு, விமானங்கள் ஓடும் தார்ப்பாதையை வடிவமைத்தவன் நான். கிரிகரி எனக்குக் கீழே வேலை செய்த இன்ஜினியர். அங்கே வரப்போகும் விமானங்களுக்குக் காலுக்கு ஆறு சக்கரம். மேலே, தாரில், ஒவ்வொரு சக்கரமும் தனியாக அழுத்தும். ஆழத்தில் ஆறின் பாரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அடியில் இருப்பதோ செம்பனைத் தோட்டத்து இளகிய களிமண். நான் அடி ஆழம்வரை ஆறையும் தனித்தனியாகவே கணக்குப் போட்டுவிட்டேன். தாருக்கு அடியில் போடும் கல் அடுக்கின் கனம் குறைந்துபோனது. பாதையும் போட்டு முடித்தாகிவிட்டது.

எங்கள் ஆபீசில் பெரியவர்கள் செய்த தப்பை மீட்டிங்கில் சொல்ல மாட்டோம். முதலில் அவரிடம் தனியாகச் சொல்வோம். அது ஒரு மரியாதை. கிரிகரியும் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, வேற யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்க லா. இல்லன்னா நான் சொல்லித்தான் ஆகணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். களிமண்ணில் பாதை என்றால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோரைக் குடித்துவிட்டு, பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை சோதனை. விமானத்தின் கால் போலவே ஆறு சக்கரம் பொருத்திய வண்டியில் கான்கிரீட் கட்டிகளை ஏற்றி, பாதையில் மெதுவாக இழுத்துப் பார்ப்போம். ஓர் இடத்தில் தோட்டத்துப் பழைய வாய்க்காலை மூடியிருந்தார்கள். அது வரைபடத்தில் இல்லை. மண் எடுத்துப் பார்த்தபோது எனக்கு மட்டும் தெரிந்தது.

"அந்த ஓரத்துல நின்னு பாரு. இறங்குச்சுன்னா அங்கதான் நல்லா தெரியும்" என்று வாய்க்கால் இருந்த இடத்தைக் கிரிகரிக்குக் காட்டினேன்.

அவன் முகம் தெளிந்தது. தப்பை நானே எல்லோருக்கும் காட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பான். "தேங்க்ஸ்ண்ணே" என்றான்.

தார் பிளந்தது. வண்டி சாய்ந்து, கட்டிகள் அவன் மேல் சரிந்தன. கத்த அவனுக்கு நேரம் இருக்கவில்லை. பிளவில் வெளியே தெரிந்த பழைய வாய்க்கால்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் கணக்கை யாரும் தொடவில்லை.

கிள்ளானில், அடக்கத்தன்று தேவாலய வாசலில், அவன் மனைவி உர்சுலா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் அவருக்குச் சொந்த அண்ணன் மாதிரி என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, இன்ஸ்பெக்டர். மண் எப்போது இறங்கும் என்று எந்த இன்ஜினியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் கார் அதே ஓரத்தில்தான் நின்றது. அவனை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, காரை மட்டும் எடுத்துத் தள்ளி நிறுத்தினேன்.