‘பிசிறு’ ஆல்பத்தைக் கேட்டவன்

தீபாவளிக்குப் பத்து நாள் லீவு விட்டால்தான் திருப்பூரில் நிம்மதியாகச் சாலையைக் கடக்க முடியும், சார். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். நான் குன்னத்தூர்க்காரன், எங்கும் போக வேண்டியதில்லை. கம்பெனியின் துணி குடோனுக்கு நான்தான் பொறுப்பு. லீவுக்கு முன் கதவைப் பூட்டி, பூட்டின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதைச் சீல் என்போம். அந்தத் தாளைக் கிழிப்பவர், உள்ளே குறையும் ஒவ்வொரு துணி ரோலுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் முதலாளிகூடத் தொடமாட்டார்.

நதியா, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்தாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு குடோனுக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்வாள். கூரைவரை அடுக்கிய பனியன் துணி எதிரொலியைக் குடித்துவிடும். அப்படிச் சேர்ந்த எட்டுப் பாடல்களுக்குப் ‘பிசிறு’ என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினாள். அந்த வகைக்கு ட்ரீம் பாப் என்று பெயராம், அவள்தான் சொன்னாள். கிட்டார் அயர்ன் டேபிள் ஆவிபோலப் பரவி நிற்கும். குரல் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். முதல் முறை ஒரு வார்த்தையும் பிடிபடாது. பத்தாவது முறை ஒரு வரி கிடைக்கும். நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிறவன். வாயில் நுழையாத பெயர்களோடு முந்நூறு பக்கம் பொறுமையாக இருக்கப் பழகியவன்.

இரண்டு வருடத்தில் எல்லோருமாக அதை நானூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருப்பதாகத் தளம் காட்டியது. அதில் முந்நூறுக்கு மேல் நான் கேட்டது. மற்ற அத்தனை பேர் மேலும் எனக்கு இருந்த கோபத்தை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். ஒருநாள் கேன்டீனில் போட்டுக் காட்டினேன். கட்டிங் மாஸ்டர் வீரணன், “ஏனுங்க சதீசு, இந்தப் புள்ளைக்குக் காய்ச்சலுங்களா? ஒரு மாத்தர வாங்கிக் குடுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நதியாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

பிறகு சென்னையிலிருந்து மோனிஷா என்ற இசைத் தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். குரலை முன்னால் கொண்டுவர வேண்டும், ஆடுவதற்குத் தாளம் சேர்க்க வேண்டும், பழைய பதிவை இணையத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். லீவு தொடங்கிய அன்று மதியம், எல்லோரும் கிளம்பிய பிறகு, நதியா என்னிடம் வந்தாள்.

“அண்ணே, ஒரு மணி நேரம் குடோன் வேணும். எட்டுப் பாட்டையும் நல்லா வாயத் தொறந்து பாடித் தரணுமாம்.”

“அப்போ பழசு?”

“அத யாருண்ணே கேக்கா? நீங்க ஒரு ஆளு. உங்க ஒருத்தருக்காக ஊருக்கே வெளங்காமப் பாடிட்டுக் கெடக்கவா?”

போன் அடித்தால் பதிவு கெடும் என்று அதை என் மேசையில் வைத்துவிட்டு, ரெக்கார்டரை எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன். பூட்டினேன். தாளை ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பசை ஒரு துளி வழியவில்லை. அவள் போனைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும். அதிலிருந்தே மோனிஷாவுக்கு, பாட விருப்பமில்லை என்று அனுப்பினேன். அவள் அம்மா ராமாயிக்கு, சென்னை போகிறேன், லீவு முடிந்து பேசுகிறேன் என்று அனுப்பிவிட்டு அணைத்தேன். இணையத்தில் ‘பிசிறு’க்கு ஒரு சேதமும் இல்லை. இப்போதும் இருக்கிறது, பாருங்கள்.

மறுநாள் வாட்ச்மேன் நல்லான் கூப்பிட்டார்.

“தம்பி, குடோனுக்குள்ள பூனை மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க. மொனகிட்டே கெடக்குது.”

“சீல் எப்படி இருக்குதுங்க?”

“உங்க கையெழுத்து அப்படியே இருக்குதுங்க.”

“அப்புறம் என்னங்க. ரெண்டு நாள்ல அதுவே அடங்கிரும்.”

“பாவமுங்க. போனைக் கதவுகிட்ட வெக்கறேன், நீங்களே கேளுங்க.”

வைத்தார். இரும்புக் கதவுக்கும் துணி அடுக்குக்கும் பின்னால் அந்தக் குரல் எங்கோ இருந்தது. நல்லானுக்கு வார்த்தை பிடிபடவில்லை, அவர்மேல் குற்றமில்லை. எனக்கு முதல் முறையே பிடிபட்டது. “சதீசண்ணே, நான் உள்ள இருக்கத மறந்துட்டியளா?” வேண்டுமென்றே பூட்டியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் முழுவதும் கேட்டேன். பிறகு, “பூனைதாங்க” என்றேன்.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டு, பூனை எப்படியோ வெளியே போய்விட்டது போலிருக்கிறது என்றார்.

பதினொன்றாம் நாள் தாளை நான்தான் கிழித்தேன். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ராமாயி வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணீர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ‘பிசிறு’வில் உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

“பாட்டா? எம்புள்ள பாடுவாளாய்யா?”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன், சார். பெற்ற மகளின் குரலையே காதில் வாங்காத மனிதர்களும் இருக்கிறார்கள்.