மருந்தைக் குடித்த கரி

பிள்ளைகளா, தூறல் விழுந்த ஒரு மாலையில் அடையாறு பேருந்தில் கண் சொக்கி உட்கார்ந்திருந்தேன். வண்டியே நீந்துவது போலிருந்தது. முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மூணு நாளா மீனு தொட்டில மருந்து ஊத்துறேன் மச்சி. மீனு அடியிலயே படுத்துக்கினு கீது."

"ஃபில்டர்ல கரி கீதா?"

"தனியா ஒரு குழாய் நெறைய கரி போட்டு, அதுல தண்ணிய ஓட்டுறேன். தண்ணி கண்ணாடி மாரி கீது."

"அய்ய! நீ ஊத்துன மருந்தெல்லாம் அந்தக் கரிதான் குடிக்குது. மீனுக்கு இன்னா கெடைக்கும்?"

மீன் வளர்ப்பவர் பதறி வீட்டுக்குப் போன் போட்டார். "பாப்பா, கரிக்குழாய் மோட்டார ஆஃப் பண்ணு. மீனு இன்னா பண்ணுது?"

பிறகு நண்பரிடம், "வாயத் தொறந்து தொறந்து மூடுதாம்" என்றார்.

"உன்னத்தான் திட்டுது."

அவர் சிரிக்கவில்லை. இறங்க இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தும், எழுந்து படியருகே போய் நின்றுகொண்டார்.